பண்டை யூதரின் அடக்க முறைகள் உணர்த்துவது யாது?

உயிர் நீத்த உடலை ஒரு மக்கட்கூட்டத்தார் எங்ஙனம் போற்றினர் என்பதைக் கொண்டு, அவர்கள் மனிதனையுங் கடவுளையும் எங்ஙனங் கருதினர் என்பதை ஒருவாறு உணரலாம். வேதாகமம் பயிலும் மாணவர்க்கு ஆபிரகாம் விலைகொடுத்து வாங்கிய மக்பேலாக் குகையும், லாசருவின் கல்லறையும், அரிமத்தியா ஊர் யோசேப்பின் புதுக்கல்லறையும் நன்கு தெரிந்தனவே. ஆயினும் இவற்றின் உட்கருத்தைக் கூறப்புகுவோர் பலர், யூதர் உயிர்த்தெழுதலை நம்பினர், ஆதலின் உடலைப் பேணி அடக்கினர் என ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். இக்கூற்று முற்றும் பொய்யன்று. எனினும் முழு உண்மையுமன்று என்பதே எமது துணிபு.

முதற்கண் அம்முறைகளைச் சுருங்கக் கூறுவாம். இறந்தார் கண்களை மூடி, உடலைக் கழுவி, நறுமணப் பொருளிட்டு, துணியாற் சுற்றி, பெரும்பாலும் அன்றே அடக்கினர். மரத்தில் தூக்கப்பட்ட குற்றவாளியின் உடலுங்கூட இரவு முழுதும் அங்கே விடப்படலாகாது என்பது உபாகமச் சட்டம். எகிப்தியரைப்போல் உடலைப் பதஞ்செய்து காத்தலும், உரோமரிற் பலரைப்போல் எரித்தலும் அவர்க்குப் பொதுவழக்கல்ல. உறவினர் ஆடையைக் கிழித்துக்கொண்டு 7 நாள் துக்கங் காத்தனர்.

இனி, எருசலேம் நகரத்துச் செல்வர் கையாண்ட மற்றொரு முறையுமுண்டு. பாறையிற் குடைந்த குடும்பக் கல்லறையில் உடலைக் கிடத்தி, ஏறக்குறைய ஓராண்டு கழிந்து தசை அழிந்தபின், என்புகளைத் திரட்டிச் சுண்ணாம்புக்கற் பேழையில் இட்டனர். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, கி.பி. 70-இல் நகரம் அழியுமளவும் இது பெருவழக்காய் இருந்தது. ஒவ்வொருவர் என்பையும் சிதறாது காத்தமை உயிர்த்தெழும் நாளை நோக்கியே என்பர் சிலர்.

இதற்கு மாறான சான்றுகள் உள. 1990-ஆம் ஆண்டு எருசலேமின் தென்புறத்தே ஒரு கல்லறை வெளிப்பட்டது. அதிற் கிடைத்த பேழைகளுள் வேலைப்பாடு மிக்க ஒன்றில், காய்பா வீட்டு யோசேப்பு என்று பொருள்கொள்ளத்தக்க எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தன. இது பிரதான ஆசாரியராகிய காய்பாவைக் குறிப்பதென ஆய்வாளர் பெரும்பாலார் கொள்வர். பிரதான ஆசாரியரைச் சார்ந்தோர் சதுசேயரென்றும், சதுசேயர் உயிர்த்தெழுதலை மறுத்தவரென்றும் அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். மறுத்தவர் வீட்டிலேயே பேழை இருக்குமாயின், பேழைக்கு அந்நம்பிக்கை ஒன்றே காரணமாதல் யாங்ஙனம்? அன்றியும், அக்கல்லறையிலேயே ஒரு பெண்ணின் மண்டையோட்டினுள் முதலாம் ஏரோது அகிரிப்பாவின் நாணயம் ஒன்று கிடந்தது. இறந்தோர் வாயிற் காசிடுதல் கிரேக்கர் வழக்கு. வழக்கம் ஒரு வீட்டினின்று மற்றொரு வீட்டிற்கு எளிதிற் செல்லும். கோட்பாடு அதனுடன் செல்லவேண்டுமென்னும் நியதி இல்லை.

மேலும், 1979-ஆம் ஆண்டு கபிரியேல் பர்காய் என்பார் இன்னோம் பள்ளத்தாக்கின் அருகே அகழ்ந்த கல்லறைகளிலே, பேழைக் காலத்துக்குப் பல நூற்றாண்டு முன்னரே, முன்னோர் என்புகளை ஒரே அறையிற் குவித்துவைத்தமை புலனாயிற்று. ஆண்டு இறந்தவன் தன் முன்னோருடன் மெய்யாகவே சேர்ந்தான். உயிர்த்தெழுதலைத் தெளிவாய்க் கூறும் தானியேல் ஆகமம் இக்கல்லறைகளுக்குப் பிற்பட்டது. ஆதலின் என்பு திரட்டுங் கடமை முந்தியது. நம்பிக்கை அதிற் பின்னர்க் குடிபுகுந்தது.

அங்ஙனமாயின் அக்கடமையின் வேர் யாது? மனிதன் கடவுளின் சாயல் என்பதே. உடல் பிணமாயினும் அச்சாயலின் மதிப்பு நீங்குவதில்லை. ஆயின் அம்மதிப்பு வழிபாடாய் மாறிவிடவுங் கூடாது. பிணந்தொட்டார்க்கு 7 நாள் தீட்டு என்றதும், பிரதான ஆசாரியன் தன் தாய் தந்தையர் பிணத்தையும் அணுகலாகாது என்றதும், இறந்தோரைத் தெய்வமாக்காமைக்கு இட்ட வேலி என யாம் கருதுகின்றோம். இறந்தார்க்குச் செய்யும் உதவியை யூத போதகர் மெய்யான தயை என்றனர். இறந்தவன் கைம்மாறு செய்யான் அன்றோ?

இத்தயைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பவுலின் ஆசிரியருடைய பேரனென்று பெரும்பாலார் கருதும் ரபான் கமாலியேலின் செயல். சாவினும் ஈமச் செலவே உறவினர்க்குப் பெருந்துயராயிற்று. பிணத்தை விட்டு ஓடினோரும் இருந்தனர் என்று தல்மூது கூறும். செல்வமிக்க கமாலியேல் தம்மை எளிய நாராடையிலேயே அடக்குவித்தார். மக்களும் அவ்வழி நடந்தனர். செல்வர் முகத்தைத் திறந்தும், பஞ்சத்தாற் கருகிய ஏழையர் முகத்தை மூடியும் கொண்டுசென்ற வழக்கத்தை மாற்றி, ஏழையர் நாணாதபடி யாவர் முகத்தையும் மூடுமாறு விதித்தமையும் அந்நூலிற் காணப்படும்.

நிக்கொதேமு கொணர்ந்த 100 இராத்தல் நறுமணப் பொருளும் அன்பின் பயனே. அதனை யாம் குறைகூறோம். எனினும் ஆராய்ந்து நோக்குவார்க்கு, காய்பா வீட்டுப் பேழையின் சித்திரத்தைவிடக் கமாலியேலின் நாராடையே அச்சமயத்தின் உள்ளத்தை நன்கு காட்டும். ஈமச் சடங்கின் ஆடம்பரத்தாற் கடன்படுங் குடும்பங்கள் இன்றும் எச்சமயத்தும் உள. நம் வீட்டுச் சாவிலே செலவு கூட்டுவது அன்போ, அயலார் கண்ணுக்கு அஞ்சும் அச்சமோ என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்பாராக. கற்றோர் முதலில் எளிமையை மேற்கொள்வாராயின், ஏழையர் நாணமின்றித் தம் இறந்தோரை அடக்குவர்.