வங்கியாளர் வீட்டின் மாயக் கூரை

கூரை இல்லை; சுவர் ஓவியங்கள் மங்கிவிட்டன. இத்தாலியின் பொம்பெயி நகரில், கேசிலியஸ் யூகுண்டஸ் என்ற வங்கியாளருடைய, கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த வீடு இன்று இப்படித்தான் நிற்கிறது.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை லேசர் கருவியால் அளந்து, 2016-இல் கணினித் திரையில் முழு வீடாக எழுப்பிக் காட்டினார்கள். நடுவில் மழைநீர்த் தொட்டி, மேலே திறந்த வானம். செட்டிநாட்டு முற்றம் பார்த்தவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

அழகுதான். ஆனால் எது அளந்தது, எது ஊகித்தது?

1875-இல் அங்கே கிடைத்த 150-க்கும் மேற்பட்ட மெழுகுப் பலகைகள் ஏலக் கணக்கைச் சொல்கின்றன. திரைச்சீலையின் நிறத்தைச் சொல்லவில்லை. இத்தகைய படங்களில் ஊகத்தை வேறு நிறத்தில் காட்டுவதே நேர்மை. பளபளப்பு கொஞ்சம் குறையும், குறையட்டும்.