எலியைப் பார்த்தும் திரும்பிப் படுக்கும் பாம்பு: நல்லா இருக்கும் பாம்பு சாப்பிடாமல் இருப்பது ஏன்?

2023 ஏப்ரல் 28. கோலாலம்பூரில் இருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த ஒரு பெண் பயணியின் பெட்டிகளைச் சுங்கத் துறை அதிகாரிகள் திறந்தபோது, உள்ளே 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. இப்படி வந்து பிடிபடும் பாம்புகளில் அடிக்கடி கேட்கும் பெயர், பால் பைத்தான். மேற்கு மற்றும் மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு இது. பெயரில் இருக்கும் ‘பால்’ நாம் குடிக்கும் பால் அல்ல, பந்து. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும் என்பதால் வந்த பெயர்.

உலகம் முழுக்க அதிகம் வளர்க்கப்படும் பாம்புகளில் இதுவும் ஒன்று. வளர்ப்பவர்களை அதிகம் பதற வைப்பதும் இதுதான். நேற்று வரை எலியை லபக்கென்று விழுங்கிய பாம்பு, திடீரென வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வாயே திறக்காது. ‘ஐயோ, சாப்பிடலையே’ என்று பதறுவது இயல்புதான். ஆனால் அந்தப் பதற்றத்தில் செய்யும் காரியங்கள்தான் பல நேரம் பாம்புக்கு ஆபத்தாக முடிகின்றன.

பட்டினி கிடந்தால் பாம்பு செத்துவிடாதா?

நம்மைப் போல நினைத்துப் பார்ப்பதால் வரும் கேள்வி இது. நாம் சாப்பிடும் சாப்பாட்டில் பெரும்பகுதி, உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. பாம்புக்கு அந்தச் செலவு கிடையாது. வெயிலில் இருந்தும் சூடான தரையில் இருந்தும் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் மார்ஷல் மெக்யூ என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். பால் பைத்தான் உள்ளிட்ட மூன்று வகைகளைச் சேர்ந்த 62 பாம்புகளுக்கு சுமார் ஆறு மாதம் இரை தரப்படவில்லை. அவை உடம்பின் ஆற்றல் செலவை அதிகபட்சம் 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. அந்த நிலையிலும் அவற்றின் உடல் நீளம் கூடியது என்பதுதான் ஆச்சரியம்.

இன்னொரு விஷயமும் உண்டு. பாம்புக்குச் சாப்பிடுவதே பெரிய வேலை. பர்மிய மலைப்பாம்பு ஒரு பெரிய இரையை விழுங்கினால், 48 மணி நேரத்தில் அதன் இதயமே சுமார் 40 சதவீதம் பெரிதாகிறது. குடலும் கல்லீரலும் சேர்ந்து வளர்கின்றன. செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். இவ்வளவு பெரிய வேலையைத் தொடங்கும் முன் ‘இப்போது நேரம் சரியா?’ என்று உடம்பு பார்க்கிறது. சரியில்லை என்றால் இரை வேண்டாம்.

எப்போதெல்லாம் வேண்டாம் என்கிறது?

சட்டை உரிக்கும் முன்: கண் நீலம் கலந்த வெள்ளையாக மங்கும், தோல் பொலிவிழக்கும். பார்வை சரியாகத் தெரியாததால் பல பாம்புகள் ஒதுங்கிக் கிடக்கும். சட்டையை உரித்துப் போட்ட பிறகு பசி திரும்பும்.

குளிர் வந்தால்: சூடு இல்லாமல் செரிமானம் நடக்காது. வயிற்றில் இரை கெட்டுப்போய் வாந்தி எடுக்க வேண்டியிருக்கும். பால் பைத்தானுக்குக் கூண்டின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி தேவை. ஏசி ஓடும் அறையில் வெறும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு ‘சாப்பிடலை’ என்று கவலைப்பட்டால், தப்பு பாம்பின் மேல் இல்லை.

இனப்பெருக்கக் காலம்: ஆண் பாம்புக்கு அப்போது துணை தேடுவதில்தான் கவனம். முட்டையிட்ட பெண் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு படுத்துவிடும். குஞ்சு வெளியே வரும்வரை பெரும்பாலும் இரை தொடாது.

பயம்: புது வீடு, புதுக் கூண்டு, ஒளிய இடமில்லாத பெட்டி, அடிக்கடி கையில் தூக்கி செல்ஃபி எடுப்பது. இவற்றில் ஏதாவது ஒன்று போதும், பசி போய்விடும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

சாப்பிடாத நாட்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பதில் கிடைக்காது. எடையைப் பாருங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வைத்தால் போதும். வளர்ந்த பாம்பு எடை பெரிதாகக் குறையாமல், தண்ணீர் குடித்துக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டி சுறுசுறுப்பாக இருந்தால் பொறுத்திருக்கலாம்.

ஆனால் எடை வேகமாக இறங்குவது, முதுகெலும்பு துருத்தித் தெரிவது, வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூக்கிலோ வாயிலோ சளி அல்லது நுரை, வாய்க்குள் புண், தொடர் வாந்தி, தோலில் உண்ணி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஊர்வனவற்றைப் பார்த்து அனுபவமுள்ள கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். குட்டிப் பாம்புக்குச் சேமிப்பு குறைவு என்பதால் அதில் பொறுமை காட்டக் கூடாது.

செய்யவே கூடாதவை இரண்டு. ஒன்று, வாயைத் திறந்து இரையைத் திணிப்பது. வாயும் தொண்டையும் கிழியலாம், பயத்தில் பாம்பு அதையும் கக்கிவிடலாம். மற்றொன்று, பால் ஊற்றுவது. புற்றுக்குப் பால் வைப்பது நம்பிக்கை சார்ந்த விஷயம். ஆனால் பாம்பின் உடம்பு பாலைச் செரிக்கும் வகையில் அமைந்தது அல்ல. தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும், அவ்வளவுதான்.

காட்டில் பிடித்த பாம்பு என்றால்?

இந்தப் பசிக் கணக்கு ஆப்பிரிக்கப் பாம்புக்கு மட்டுமல்ல, நம்மூர் பாம்புக்கும் பொருந்தும். ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில், குளிர்காலத்தில் மலைப்பாம்புகள் முள்ளம்பன்றி வளைகளில் தங்கி, பகலில் வெளியே வந்து வெயில் காய்கின்றன. அந்த மாதங்களில் அவை இரை எடுப்பது மிகவும் குறைவு.

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலை மேல் இருக்கும் நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு போன்ற ஊராட்சிகளில் வீடும் கொல்லையும் காட்டை ஒட்டியே இருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் குளிரும் அதிகம். அங்கே கொல்லையில் ஒரு மலைப்பாம்பு தென்பட்டு, அதைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு, கோழியைப் போட்டும் தொடவில்லை என்றால் ‘நோய் வந்த பாம்பு’ என்று அர்த்தமில்லை. குளிரும் பயமும் சேர்ந்து பசியை அடைத்திருக்கின்றன. அதற்குத் தேவை சாப்பாடு அல்ல, காடு. வனத் துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லிவிட்டால் அவர்கள் வந்து மீட்டு விடுவிப்பார்கள்.

‘பாவம், ரெண்டு நாள் வச்சிருந்து தேற்றி அனுப்பலாம்’ என்ற இரக்கமும் சட்டத்தின் முன் செல்லாது. மலைப்பாம்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அது தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

வெளிநாட்டுப் பாம்பு மட்டும் வளர்க்கலாமா?

2022-ல் திருத்தப்பட்ட அதே சட்டம் இதையும் கட்டுப்படுத்துகிறது. சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாகின. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பால் பைத்தானும் இந்தப் பட்டியலில் உண்டு.

இதற்கும் பசிக்கும் என்ன தொடர்பு? பதிவில்லாமல் வாங்கியவர், பாம்புக்கு உடம்பு சரியில்லை என்றாலும் மருத்துவரிடம் போகத் தயங்குவார். மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். அதனால் வீட்டிலேயே வாயில் திணிக்கப் பார்க்கிறார், பால் ஊற்றுகிறார். பட்டினியைப் பல மாதம் தாங்கும் பாம்பு, அந்தக் கைவைத்தியத்தைத் தாங்குவதில்லை.