ஊசி போட்டவர் மீது பழி போடாதீர்கள்

தடுப்பூசி போட்டுக்கொண்டதும் மக்கள் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டார்கள், கல்யாணம், திருவிழா என்று கூடினார்கள், அதனால்தான் கொரோனா அலை அலையாகத் திரும்பி வந்தது என்ற குற்றச்சாட்டு இன்னும் ஓயவில்லை. அடுத்த பெருந்தொற்றுக்கான திட்டங்களில் இந்த எண்ணம் ஏறி உட்காருவதற்கு முன்பே இதை மறுத்தாக வேண்டும்.

பாதுகாப்பு கூடினால் அசட்டுத் துணிச்சலும் கூடும் என்பது பழைய வாதம். கார்களில் பாதுகாப்பு வசதிகள் கட்டாயமானதும் ஓட்டுநர்களின் எச்சரிக்கை குறைந்தது என்று சிகாகோ பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மேன் 1975இல் எழுதினார். ஆனால் ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்ட சிறுமிகளை அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வு, அந்த ஊசியால் அவர்கள் பாலியல் நடத்தை மாறியதாகக் காட்டவில்லை. கொரோனா விஷயத்தில் ஓரளவு தளர்வு இருந்தது உண்மைதான். அந்தத் தளர்வு எங்கிருந்து தொடங்கியது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஊசியால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதற்கு வேலூரிலேயே சான்று இருந்தது. சி.எம்.சி. மருத்துவமனை தன் ஊழியர்கள் 10,600 பேரிடையே 2021 பிப்ரவரி முதல் மே வரை நடத்திய ஆய்வில், இரண்டு தவணையும் முடித்த 7,080 பேரில் 679 பேருக்குத் தொற்று வந்தது. ஆனால் ஊசி போட்டவர்கள் மருத்துவமனையில் சேரும் ஆபத்து 77 சதவீதமும், ஆக்சிஜன் தேவைப்படும் ஆபத்து 92 சதவீதமும் குறைந்திருந்தது. ஊசி உயிரைக் காக்கும், தொற்றை முழுதாகத் தடுக்காது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர்கள் குறைவு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2021 மே 13 அன்று, ஊசி போட்டவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் முகக்கவசம் தேவையில்லை என்று அறிவித்துவிட்டு, ஜூலை 27 அன்று பேச்சை மாற்றிக்கொண்டது.

நம் ஊரிலோ ஊசி முதலில் பயமாக வந்தது. நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள், 2021 ஏப்ரல் 17 அன்று மறைந்தார். ஊசி காரணமில்லை என்று மருத்துவர்கள் சொல்லியும் பீதி அடங்கவில்லை. பிறகு அதே ஊசி கட்டாயமாக வந்தது. போட்டவர்களை மட்டுமே பொது இடங்களில் அனுமதிக்க வேண்டும் என்று அந்த ஆண்டு நவம்பரில் தமிழக அரசு உத்தரவிட்டது. வேலைக்குப் போவதற்கான சீட்டாகக் கையில் கொடுத்ததை மக்கள் அப்படியே எடுத்துக்கொண்டதில் என்ன தவறு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளைப் பாருங்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறார்கள். ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கும் பிரிவில் மெஷினுக்குப் பின் மெஷின். முன்னால் இருப்பவரின் முதுகுக்கும் பின்னால் இருப்பவரின் முகத்துக்கும் இடையே ஒரு மெஷின் அகலம்தான். பசை நெடியில் மூச்சு முட்ட, டார்கெட் துரத்த, முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொள்ளும் பெண்ணை அலட்சியக்காரி என்பதா? பஸ்ஸில் ஆளைக் குறைப்பதும், மெஷின்களைத் தள்ளிப் போடுவதும், காற்றுப் போக்கி வைப்பதும் செலவு பிடிக்கும் வேலை. ஊசிச் சான்றிதழைச் சரிபார்ப்பதற்குக் காசு வேண்டாம். ஊசியைச் சாக்காக்கி எச்சரிக்கையைக் கைவிடும் வாய்ப்பு தொழிலாளியைவிட நிர்வாகத்துக்கே அதிகம்.

காய்ச்சலோடு வேலைக்கு வந்ததையும் தொழிலாளர்கள் கணக்கில்தான் எழுதுகிறார்கள். அன்றைய தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) சட்டப்படி நோய்க்கால உதவித்தொகை கூலியில் 70 சதவீதம்தான், அதுவும் பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்குக் கிடையாது. தொற்று வேகமாகப் பரவும் முதல் நாட்களில் வீட்டில் இருந்தால் கூலி போகும் என்று சட்டமே சொல்லிவிட்டு, பிறகு ஒழுக்கத்தைப் போதிப்பது நியாயமல்ல. வீட்டிலேயே ஜோடிக் கணக்குக் கூலிக்கு அப்பர் தைக்கும் பெண்களுக்கோ அந்த இ.எஸ்.ஐ.யும் இல்லை.

எனவே மத்திய, மாநில அரசுகளுக்கு எங்கள் கோரிக்கை இது: தொற்றுநோய் அறிவிக்கப்பட்ட காலத்தில் நோய்க்கால உதவித்தொகையை முதல் நாளிலிருந்தே முழுக் கூலியாகக் கொடுங்கள். வீட்டிலிருந்தே தைக்கும் பெண்களைப் பதிவு செய்து இ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவாருங்கள். தொழிற்சாலை ஆய்வாளர்கள் ஊசிச் சான்றிதழோடு நின்றுவிடாமல் பஸ்ஸையும் ஜன்னலையும் பார்க்கட்டும். ஊசி வரும்போது தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று தொழிலாளர்களிடம் நாங்களும் சொல்வோம்.