கிராம ஆராய்ச்சியும் அடங்கற் கணக்கும்

விதை, எரு, பூச்சிநோய் முதலியவற்றைப் பற்றிய ஆராய்ச்சி பயனுடையது என்பதை ஒப்புக்கொள்ளாத குடியானவர் இன்று அரியர். ஆனால், ஒரு கிராமத்திற் பயிரிடுவோர் யாவர், அவர்கள் யாருடைய நிலத்தைப் பயிரிடுகின்றனர், விளைவில் அவர்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு, மிஞ்சாத வருஷத்தில் எதைக்கொண்டு ஜீவனம் நடத்துகின்றனர் என்பவற்றை விசாரிப்பதும் விவசாய ஆராய்ச்சியே என்று சொன்னால், நம்மவர் பலர் முகஞ் சுளிக்கின்றனர். "எங்கள் வீட்டுக் கணக்கு இவர்களுக்கு எதற்கு?" என்பது அவர்கள் கேள்வி. அதற்கு விடை கூறுவதோடு, நிலமுடையோர் வழக்கமாக மறைத்துவரும் ஒரு விஷயத்தைப் பற்றியும் ஒளிக்காமல் எழுத விரும்புகிறேன்.

சென்னைச் சர்வகலாசாலைக்கு 1915-ஆம் ஆண்டில் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்திற் பொதுவயல்கள் வேலியிட்டு அடைக்கப்பட்ட வரலாற்றை 1907-இல் நூலாக எழுதியவர் அவர். இந்நாட்டுப் பொருளாதாரத்தை நூல்களைக்கொண்டு மாத்திரம் போதிக்க இயலாதென்று கண்டு, 1916-ஆம் ஆண்டில் தம் மாணாக்கரிடம் நீண்டதொரு வினாத்தாளைக் கொடுத்து, அவரவர் அறிந்த ஊர்களுக்கு அனுப்பினார். அவ்வாறு எழுதப்பட்ட விவரங்கள் 1918-இல் நூலாயின. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு என்னும் தமிழ்நாட்டு ஊர்களின் பெயர்கள் அதனாற் பிரசித்தமடைந்தன. இவற்றுள் நம் மதுரைச் சமவெளிக்கு அணித்தானது வடமலைபுரம். அன்று இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது, இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது.

இம்முயற்சி ஒருமுறையோடு நின்றிருந்தால், அலமாரியில் தூசி படிந்த புத்தகங்களுள் அதுவும் ஒன்றாகியிருக்கும். நின்றுவிடவில்லை. பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகிய இருவரின் பொறுப்பில் 1936-37-இல் அதே ஊர்கள் மறுபடியும் விசாரிக்கப்பட்டு, 1940-இல் அதன் அறிக்கை நூலாக வந்தது. 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்னும் ஆங்கில மாது ஆராய்ந்தார். இருவேல்பட்டுக்கு 1981-இல் எஸ். குஹனும் ஜோன் மென்ஷரும் சென்றனர். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் சென்றனர். 1916-இற் படியாள்களை வைத்துப் பண்ணை நடந்த ஊர் அது. கடைசியாகச் சென்றவர்களோ, பெருநிலக்காரரின் ஆதிக்கம் தளர்ந்துவிட்டதையும், கூலிக் குடும்பங்கள் பல விவசாயத்திற்கு வெளியே பிழைப்புத் தேடிக்கொண்டதையும் எழுதியுள்ளனர். மாறுதல் நேர்ந்ததென்று எல்லாரும் வாயாற் சொல்லலாம். எப்பொழுது, எவ்வளவு, யாருக்கு என்று சொல்வதற்கு, முன்னே ஒருவர் உள்ளதை உள்ளபடி எழுதிவைத்திருக்க வேண்டும்.

பூனா விவசாயக் கல்லூரித் தலைவராயிருந்த ஹெரால்டு மான் என்பவரும் அக்காலத்திலேயே, அந்நகருக்கு அருகிலுள்ள பிம்பளே சௌதாகர் என்னும் சிற்றூரை ஆராய்ந்து 1917-இல் வெளியிட்டார். நிலம் துண்டுதுண்டாகிவிட்டதென்றும், நிலவருமானம் மாத்திரம் பல குடும்பங்களுக்குப் போதவில்லையென்றும் கண்டார். அவ்வூர் இன்று மாடிவீடுகள் நெருங்கிய பட்டணப்பகுதி. அங்கே உழவு நடந்ததென்பதற்கு மானின் ஏடு நல்ல சாட்சி. இதைப் படிக்கும்போது எனக்குத் திருநகரும் அதன் சுற்றுப்புறமுந்தான் நினைவுக்கு வருகின்றன. திருப்பரங்குன்றத்திலிருந்து திருமங்கலம் வரை சாலையோரத்தில் வீட்டுமனைக் கற்கள் நடப்பட்ட வயல்கள் எத்தனை! தென்கால் கண்மாய்க்கும் நிலையூர்க் கண்மாய்க்கும் கீழே இன்று நெல் விளையும் நிலத்தில், அரை நூற்றாண்டுக்குப் பின் என்ன இருக்குமென்று யார் அறிவார்? இன்று யார் அதை எப்படிப் பயிரிடுகின்றனர் என்பதையாவது எழுதிவைக்கலாமல்லவா?

ஆனால் எழுத வருகிறவர்களுக்கு நாம் என்ன சொல்கிறோம்? ஆடு மாடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறோம். கடனைச் சில சமயம் கூட்டியும், பெண்ணுக்கு வரன் பார்க்கும் காலமாயின் குறைத்தும் சொல்கிறோம். இவை சிறு பொய்கள். பெரிய பொய் வேறொன்று உண்டு. பட்டாதாரர் பட்டணத்தில் இருப்பார். நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ வாய்ப்பேச்சாக விட்டிருப்பார். கேட்டால், "சொந்தச் சாகுபடி" என்பார். குத்தகைதாரரும் தலையசைப்பார். அடங்கலிலும் பட்டாதாரர் பெயரே ஏறும். ஐந்தாண்டுக்கொருமுறை எடுக்கப்படும் விவசாயக் கணக்கெடுப்பு நம் மாநிலத்தில் இந்த வருவாய்க் கணக்குகளை ஆதாரமாகக் கொண்டே தயாராகிறது. 2015-16-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டிற் சராசரிச் சாகுபடிப் பரப்பு 0.75 ஹெக்டேர். மூலக்கணக்கில் இல்லாத குத்தகை இத்தகைய தொகைகளில் எவ்வாறு தென்படும்?

இம்மறைப்புக்குக் காரணம் பயம். குத்தகைதாரரை வெளியேற்றுவதற்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் உரிமையைப் பதிவு செய்ய வழி வகுக்கிறது. பெயர் ஏறினால் நிலம் கைவிட்டுப் போகுமென்று பட்டாதாரர் அஞ்சுகிறார். இப்பயம் முழுதும் ஆதாரமற்றதென்று நான் சொல்லமாட்டேன். எனினும் அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். 2019-இல் தொடங்கிய மத்திய சர்க்காரின் உதவித்தொகை, வருஷம் 6,000 ரூபாய், நிலமுடையோர் குடும்பத்துக்கே உரியது. 2016-இல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டம் குத்தகைதாரரையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அவர் தம் சாகுபடிக்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அடங்கலில் பெயரில்லாதவர் எதைக் காட்டுவார்? மழை பொய்த்தோ, வெள்ளம் புகுந்தோ பயிர் அழியும்போது, நட்டவரின் பெயர் கணக்கில் இல்லை. கணக்கிலுள்ளவர் அவ்வயலை மிதித்துப் பல வருஷமாகியிருக்கும்.

நிலமுடையோர் தம் நன்மையைக் கருதியும் இதைச் சிந்திக்கலாம். அடுத்த வருஷம் இந்நிலம் தமக்குக் கிடைக்குமா என்று அறியாதவர் அதில் தழையுரம் இடுவாரா? வாய்க்காலைத் தூர்வாருவாரா? வரப்பைச் செப்பனிடுவாரா? "குத்தகைக்கு விட்டேன், நிலம் கெட்டுவிட்டது" என்று முறையிடும் மிராசுதாரர்கள், அதற்குக் காரணத்தைக் குத்தகைதாரரின் சோம்பலில் மாத்திரம் தேடுகின்றனர்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பரம்பரைக் கர்ணங்களும் முனிசீப்புகளும் 1980-இல் நீங்கினர். அவர்களிடம் குறைகள் பல இருந்தன. ஆயினும் எந்த வயலில் யார் ஏர் பூட்டுகிறாரென்று அவர்கள் அறிந்திருந்தனர். பல வேலைகளுக்கிடையே, இடமாறுதலுக்கும் உட்பட்ட இன்றைய கிராம நிர்வாக அலுவலர் அதை வயலில் இறங்கித்தான் அறிய முடியும். 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு விவசாயக் கல்லூரி மாணாக்கர்கள் வயல்தோறும் அனுப்பப்பட்டனர். ஸ்லேட்டரின் மாணாக்கர் அறிந்த ஊருக்குச் சென்றனர்; இவர்களிற் பலர் அறியாத ஊருக்குச் சென்றனர். படக்கருவி பயிரைக் காட்டும். பயிரிட்டவர் யாரென்று அது சொல்லாது.

ஆராய்ச்சியாளரிடமும் குறையில்லாமலில்லை. வருகிறார்கள், மூன்று மணி நேரம் கேட்கிறார்கள், போகிறார்கள், பட்டம் பெறுகிறார்கள். ஊருக்கு ஒரு தாளும் திரும்பி வருவதில்லை. மறுமுறை வருபவருக்கு மெய் சொல்ல மனம் எப்படி வரும்? யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் நடைபெற்றுவரும் நம் மதுரை விவசாயக் கல்லூரி இதில் முன்வரலாம். நிலையூர்ப் பாசனத்தில் ஓர் ஊரையும், திருமங்கலத்தின் மேற்கே மானாவாரிக் கரிசலில் ஓர் ஊரையும் தேர்ந்தெடுத்து, பத்து வருஷத்துக்கொருமுறை ஒரே வினாக்களைக் கேட்டு எழுதட்டும். பெயர்களை நீக்கித் தொகைகளை மாத்திரம் தமிழில் அச்சிட்டு, அக்டோபர் 2-ஆம் தேதி கூடும் கிராம சபையில் வாசிக்கட்டும். ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும். தவறிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லலாம். அவ்வேட்டில் எழுதப்படுவது குத்தகைப் பதிவாகாது என்பதை முதல் நாளிலேயே எழுத்துமூலம் கொடுத்துவிட வேண்டும். அவ்வுறுதி கிடைத்த பின்பும் "சொந்தச் சாகுபடி" என்றே சொல்பவர் எத்தனை பேர் என்று பார்ப்போம்.