இருக்கும் வீடே ஓய்வூதியம்: காட்டுப்பள்ளிக்கு எட்டுமா?

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கையில் வருமானம் இல்லை. ஆனால் சொந்த வீடு இருக்கிறது. அந்த வீட்டை விற்காமல், அதைவிட்டு வெளியேறாமல், வங்கியில் அடமானம் வைத்து மாதாமாதம் பணம் வாங்கலாம் என்று ஒரு திட்டம் நம் நாட்டில் இருக்கிறது. 2007-08 மத்திய பட்ஜெட்டில் ப.சிதம்பரம் அறிவித்தார், தேசிய வீட்டுவசதி வங்கி விதிகளை வகுத்தது. 'ரிவர்ஸ் மார்ட்கேஜ்' என்று பெயர். உங்கள் ஊரில் யாராவது இதில் பணம் வாங்குகிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். ஒருவர் கிடைத்தாலே ஆச்சரியம்தான்.

வழக்கமான வீட்டுக் கடனில் நாம் வங்கிக்குத் தவணை கட்டுகிறோம். இதில் வங்கி நமக்குத் தவணை தருகிறது. வட்டி, கடனோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். கணவன், மனைவி இருவரும் காலமான பிறகுதான் கணக்கு முடிக்கப்படும். பிள்ளைகள் விரும்பினால் கடனை அடைத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வங்கி வீட்டை விற்று, தன் பாக்கி போக மிச்சத்தை வாரிசுகளிடம் கொடுக்கும். விற்ற பணம் கடனுக்குப் போதாமல் போனாலும் பிள்ளைகளிடம் கேட்க முடியாது. வாங்கும் தொகைக்கு வருமான வரியும் இல்லை.

நம் பக்கத்து ஒத்தியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டை ஒத்திக்குக் கொடுத்தால் பணம் கொடுத்தவர் குடிவருவார், நீங்கள் வெளியே போகவேண்டும். நிலத்தை ஒத்திக்குக் கொடுத்தால் அவர் உழுவார், நீங்கள் வரப்பில் நின்று பார்க்கவேண்டும். அந்த வகையில் ரிவர்ஸ் மார்ட்கேஜ் நல்ல யோசனைதான்.

ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதில் 60 சதவீதம், அதாவது வட்டியும் சேர்த்து 12 லட்சம் வரை ஏற்கிறது. வட்டி 10 சதவீதம். காலம் 15 ஆண்டு. மாதம் கிடைப்பது சுமார் 2,900 ரூபாய். 15 ஆண்டில் கைக்கு வந்தது 5 லட்சத்துச் சொச்சம், வட்டிக்குப் போனது ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகையோடு பார்த்தால் 2,900 பெரிய தொகைதான். ஆனால் அதற்கு 20 லட்சம் மதிப்புள்ள வீடு வேண்டும். அதைவிட முக்கியமாக, வில்லங்கமில்லாத பத்திரம் வேண்டும். வீடு சுயசம்பாத்தியமாக இருக்கவேண்டும், உரிமையாளர் அதில் குடியிருக்கவேண்டும், கட்டடம் இன்னும் 20 ஆண்டாவது தாங்கும் நிலையில் இருக்கவேண்டும். வயலை வைத்து இந்தக் கடன் வாங்க வழியே இல்லை. நகரத்து அடுக்குமாடிக்காரரை மனதில் வைத்து எழுதிய விதிகள் இவை.

இனி காட்டுப்பள்ளிக்கு வாருங்கள். பழவேற்காடு ஏரிக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் நடுவே, கடலை ஒட்டிக் கிடக்கும் மணல்திட்டு அது. கப்பல் கட்டும் தளம் வந்தது, துறைமுகம் வந்தது, 2018-ல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது, இப்போது விரிவாக்கத் திட்டமும் நிற்கிறது. சுற்றிலும் மண்ணின் விலை ஏறியிருக்கிறது. ஆனால் அந்த விலையேற்றத்தில் குப்பத்துக் கிழவருக்கு ஒரு பைசா சேரவேண்டுமானால் அவர் பெயரில் பட்டா இருக்கவேண்டும். இந்தக் கரையோரத்தில் பல குப்பங்கள் நத்தத்திலோ புறம்போக்கிலோ இருக்கின்றன. சில வீடுகளுக்கு இலவச மனைப் பட்டா உண்டு. அதில் இத்தனை ஆண்டு விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. போதாததற்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் வேறு. இப்படிப்பட்ட வீட்டுக்கு எந்த மேலாளர் 15 ஆண்டுக் கடன் எழுதுவார்?

ஏரியில் பாடு இருக்கிறதே என்பீர்கள். தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடத்தில் வலை விரிக்கலாம் என்று ஊரே ஒப்புக்கொண்ட உரிமை அது. அதைவிடப் பெரிய சொத்து மீனவருக்கு இல்லை. ஆனால் அந்த உரிமையை வங்கியில் வைக்க முடியாது. வைக்க முடியாமல் இருப்பதே நல்லது. அப்படியானால் உடம்பு வலையை இழுக்காத வயதில் அவர் எதை வைத்துச் சாப்பிடுவது?

தென்கொரியா இதற்கு ஒரு வழி கண்டது. 2011-ல் அங்கே விளைநில ஓய்வூதியம் தொடங்கினார்கள். வயதான விவசாயி தன் நிலத்தை அரசு நிறுவனத்திடம் அடமானம் வைத்து மாதத் தொகை வாங்கலாம். அடமானம் வைத்த நிலத்தில் தொடர்ந்து பயிர் செய்யலாம், குத்தகைக்கும் விடலாம். தொடக்கத்தில் வயது வரம்பு 65. 2022-ல் 60 ஆகக் குறைத்தார்கள். ஐந்தாண்டு சாகுபடி அனுபவம் இருந்தால் போதும். இங்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் ஊருக்கு ஊர் தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. இரண்டு ஏக்கர் நஞ்சைக்கும், பட்டா பெற்ற குப்பத்து வீட்டுக்கும் பொருந்தும்படி, அரசு உத்தரவாதத்துடன் ஒரு திட்டத்தை மாநில அரசு ஏன் யோசிக்கக்கூடாது? விவசாய சங்கங்களும் மீனவர் சங்கங்களும் கடன் தள்ளுபடி கேட்கும் மனுவில் இதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

அது வரும்வரை நம் ஊரில் முதியவர் தன் வீட்டை வைத்துச் சோறு தேடும் வழி ஒன்றுதான்: பிள்ளைக்கு எழுதிவைப்பது. இங்கேதான் அதிகம் ஏமாந்துபோகிறோம். தான செட்டில்மென்ட் பதிவாகிவிட்டால், நினைத்த மாத்திரத்தில் அதை ரத்து செய்ய முடியாது. உயில் அப்படியல்ல, உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம். அவசரம் இல்லையென்றால் உயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செட்டில்மென்ட்தான் என்று முடிவெடுத்தால், பத்திரத்திலேயே இரண்டு வரிகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்: கணவன், மனைவி இருவரும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை, எழுதி வாங்கியவர் இருவரையும் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனை. 'மகன்தானே, காகிதத்தில் எதற்கு' என்று பத்திர எழுத்தர் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

அந்த இரண்டாவது வரிக்குப் பலம் உண்டு. 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி, பராமரிப்பு நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பிள்ளை அதை மீறினால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கலாம். நிபந்தனை தெளிவாக இருக்கவேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு முதியவருக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொண்டது. வழக்காடி ஜெயிப்பதைவிட எழுதிவைப்பது எளிது.

களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மானியப் பட்டியலுக்கு ஆதார் வாங்க வீடு வீடாகப் போகிறீர்கள். அதே நடையில், அந்த வீட்டு மனைக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது, இறந்துபோன தாத்தா பெயரிலேயே நிற்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்கு மனு எழுதிக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆகும்.

ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் பொன்னேரி சார் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் கோட்டாட்சியரிடம் போகலாம். ஜீவனாம்சமாக மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட அந்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை.