சேவைக்கு மொழி உண்டு, சபைக்கு?

நியூயார்க் மாகாணத்தின் தலைமை அப்பீல் நீதிமன்றம் 2025 மார்ச் 20-ஆம் தேதி வழங்கிய தீர்ப்பினால், நியூயார்க் நகரத்தின் 2022-ஆம் ஆண்டு 11-ஆம் எண் உள்ளூர்ச் சட்டம், ஒரு தேர்தலிலேனும் அமலுக்கு வராமலே முற்றும் ரத்தாகிவிட்டது. நிரந்தர வசிப்புரிமையோ வேலை செய்வதற்கான அனுமதியோ பெற்று, முப்பது நாளேனும் நகரத்தில் குடியிருந்த, பிரஜாவுரிமை இல்லாத ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்கு நகரத் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமையை அச்சட்டம் அளித்திருந்தது. ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் நீதிபதி ஜெனி ரிவேரா மட்டும் மறுபுறமுமாகப் பிரிந்து நின்று அளித்த இத்தீர்ப்பைக் குறித்து, குடியேறியோருக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் நடுவே அன்றாடம் பணிபுரியும் உரைபெயர்ப்பாளராகிய நாம் அபிப்பிராயம் ஒன்றும் கூறாமல் இருந்துவிடுவது முறையன்று.

தீர்ப்பின் தர்க்கத்தை நாம் மறுக்கவில்லை. மாகாண அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு வாக்குரிமையைப் பிரஜைகளுக்கே உரியதாக வரையறுக்கிறது என்றும், உள்ளூர் ஆட்சியைப் பற்றிய ஒன்பதாம் பிரிவும் அதே வாக்காளரையே கருதுகிறது என்றும் பிரதம நீதிபதி ரோவன் வில்சன் எழுதிய தீர்ப்பு, சாஸனத்தின் வாசகத்தை வழுவாமல் பின்பற்றியதேயாகும். 1777-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் சொத்துடைய ஆண் குடியிருப்போருக்கு வாக்குரிமை அளித்தது; 1821-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விடத்தில் பிரஜையை வைத்தது. மனிதர் மாற்றியதை மனிதரே மீண்டும் மாற்றலாம். ஆயினும் அடுத்தடுத்து வரும் இரண்டு சட்டசபைகள் நிறைவேற்றி, அதன்பின் சர்வஜன வாக்கெடுப்பும் வென்றாலன்றி அம்மாற்றம் கைகூடாது. வெர்மான்ட் மாகாணத்து மான்ட்பீலியர் நகரின் இத்தகைய ஏற்பாட்டை அம்மாகாணத்து உச்ச நீதிமன்றம் 2023-இல் செல்லும் என்றது. அங்கே சாஸனத்தின் வாசகம் வேறு. நியூயார்க்கிலேயே, பிரஜாவுரிமை இல்லாத பெற்றோர் வட்டாரப் பள்ளி வாரியங்களின் தேர்தலில் வாக்களித்து வந்தார்கள். 2002-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாரியங்களைக் கலைக்க வகைசெய்தபோது, அந்த உரிமையும் அவற்றோடு ஓசையின்றி மறைந்தது.

வாக்குச்சீட்டு இல்லை என்று முடிந்தபின் எஞ்சியிருப்பவை எவை என்பதே நம் கேள்வி. நகரத்தில் ஐம்பத்தொன்பது வட்டாரச் சபைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் வரை அங்கம் வகிக்கலாம். அங்கத்தினராவதற்குப் பிரஜாவுரிமை வேண்டியதில்லை. 2011 முதல் நடந்துவரும் பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தில், எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்தப் பள்ளிக்குக் கழிப்பிடம் என்று தீர்மானிக்கும் குடியிருப்போரிடம் குடியேற்ற நிலையை யாரும் வினவுவதில்லை. பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களும், நில உபயோக விண்ணப்பங்களைப் பற்றிய பொது விசாரணைகளும் அவ்வாறே திறந்திருக்கின்றன. வாக்குச்சீட்டை வாய் திறவாமலே பெட்டியில் இடலாம். சபையிலோ வாய் திறவாதவர் வராதவருக்குச் சமானமாவார். ஆகவே இத்தீர்ப்பு, தான் அறியாமலே, மொழியை இந்த எட்டு லட்சம் பேரின் ஒரே வாக்குரிமையாக்கிவிட்டது. அந்த மொழி அவர்களுக்குக் கிடைக்கிறதா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2017-ஆம் ஆண்டின் 30-ஆம் எண் உள்ளூர்ச் சட்டத்தை நம்மவர் அறிவர். பத்து மொழிகளில் பத்திரங்களும், குறைந்தது நூறு மொழிகளில் தொலைபேசி உரைபெயர்ப்பும் அளிக்குமாறு அது விதிக்கிறது. அந்தப் பத்தில் வங்காளமும் உருதும் உண்டு, தமிழ் இல்லை. ஃப்ளஷிங்கின் கணபதி கோயிலைச் சூழ்ந்தும், இவ்வழக்கு முதன்முதல் விசாரிக்கப்பட்ட ஸ்டேட்டன் தீவில் இலங்கையிலிருந்து வந்து குடியமர்ந்தும் வாழும் தமிழர் தொகை அதற்குப் போதாதென்றால், அக்கணக்கை நாம் ஒப்புக்கொள்வோம். நம் மனக்குறை அதுவன்று. அச்சட்டம் பொதுமக்களுக்கு நேரடிச் சேவை வழங்கும் இலாகாக்களை நோக்கி எழுதப்பட்டது. அதன் பார்வையில் குடியேறியவர் எப்போதும் பெறுபவரே. மருந்து பெறவும், உணவுப்படி பெறவும், அபராதச் சீட்டின் பொருளைத் தெரிந்துகொள்ளவும் அவருக்கு மொழி உண்டு. தம் தெருவில் எழும்பப்போகும் கட்டடத்தைப் பற்றித் தம் எண்ணத்தைச் சொல்வதற்கு இல்லை. விருந்துக்கு இலை போட்டவர்கள் சபையில் பாய் விரிக்க மறந்துவிட்டார்கள்.

சபையில் நடப்பதை நாம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். இவ்விதழில் பலமுறை எழுதியும் இருக்கிறோம். பொதுமக்கள் பேசுவதற்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம் ஒதுக்கப்படுகிறது. தொடர் உரைபெயர்ப்பில் அந்நேரம் இரண்டாகப் பிளவுபடுமென்பதைத் தலைவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மணி அடிக்கும்போது தமிழில் பேசிய தாயார் தம் காரணத்தை இன்னும் தொட்டிருக்கவும் மாட்டார். மண்டல விதித் திருத்தம் போன்ற கடினமான பொருளுக்கு, விண்ணப்பத்தின் நகலையோ நிகழ்ச்சி நிரலையோ முன்னதாக அனுப்பாமல், கூட்டம் தொடங்கும் வேளையில் தொலைபேசியில் உரைபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்து, எதிரொலிக்கும் மண்டபத்தில் ஒலிபெருக்கியின் முன் அக்கருவியை வைத்துவிட்டு, மொழிவசதி அளித்தாயிற்று என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அதுவும் இல்லாத இடத்தில், பள்ளிப் பிள்ளை ஒன்றை எழுப்பி, உன் அம்மா சொல்வதை நீயே சொல் என்கிறார்கள். மருத்துவமனையில் இதைச் செய்யக்கூடாதென்று வாதாடி வென்றோமே, அந்த நியாயம் சபையின் வாசலில் நின்றுவிடுமா? தாயின் கோபத்தைத் தணித்தும், அதிகாரியின் அலட்சியத்தை மறைத்தும் பெயர்க்கின்ற அக்குழந்தையின் மீது, பயிற்சி பெற்ற நம்மையே வருத்துகின்ற பாரத்தை ஏற்றிவிட்டு, குடியேறியோர் பொதுக் காரியங்களில் சிரத்தை காட்டுவதில்லை என்று அறிக்கை வெளியிடுகிறவர்களிடம் நமக்குக் கோபம் வருவது இயல்பே.

பணமில்லை என்று சபைகள் கூறுகின்றன. சில ஊழியரைக் கொண்டே இயங்கும் அவை கூறுவதில் உண்மை உண்டு. ஆனால் 2018-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஏற்பட்ட குடிமைப் பங்கேற்பு ஆணையத்துக்கு, வட்டாரச் சபைகளுக்கு மொழி உதவி அளிக்கும் பொறுப்பையும் நகர சாஸனமே ஒப்படைத்திருக்கிறது. எனவே புதிய சட்டம் வேண்டியதில்லை. இருக்கும் பொறுப்புக்குத் தக்க நிதியும் மனமும் வேண்டும். கேட்டால் தருவோம் என்ற சலுகையாக அல்லாமல், கூட்ட அறிவிப்போடு சேர்ந்து வரும் ஏற்பாடாக உரைபெயர்ப்பு அமைய வேண்டும்; உரைபெயர்ப்போடு பேசுபவருக்கு இரட்டிப்பு நேரம் விதியாக வேண்டும்; பத்திரங்கள் முன்னதாக நம் கைக்கு வர வேண்டும்; பிள்ளைகளைக் கொண்டு பெயர்ப்பது தடுக்கப்பட வேண்டும்.

நம் தொழிலினருக்கும் கடமை உண்டு. பத்திரங்கள் வராத கூட்டத்துக்கு, வேலை போய்விடுமே என்று அஞ்சி ஒப்புக்கொள்ளும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். எவரேனும் பேச வந்து, மொழியின்மையால் பேசாமல் திரும்புவாராயின், அதைத் தேதியோடு குறித்து, அச்சபையின் தலைவருக்கும் ஆணையத்துக்கும் எழுத்துமூலம் அனுப்ப வேண்டும். மாகாண அரசியல் சட்டத்தில் திருத்தம் வருமட்டும் வாக்குப்பெட்டி மூடியிருக்கும். சபைக் கதவுகளை மூடுமாறோ எந்த நீதிமன்றமும் உத்தரவிடவில்லை. அவற்றை நகராட்சியின் அசிரத்தையே அடைத்து வைத்திருக்கிறது. அந்த அசிரத்தைக்கு இனித் தீர்ப்பைச் சாக்காகக் காட்ட நாம் அனுமதிக்கலாகாது.