சென்னை சங்கமத்திற்குச் செல்வோருக்குச் சில சொற்கள்

பொங்கலை ஒட்டித் தமிழகம் செல்லும் மலேசியத் தமிழர் ஆண்டுதோறும் பலர் உளர். கோயில், உறவினர் இல்லம், தியாகராய நகர்த் துணிக்கடை என அவர்களது பயணத்திட்டம் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. அத்திட்டத்தில் இரண்டு மாலைகளையேனும் சென்னை சங்கமத்திற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. குறிப்பாகத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒதுக்க வேண்டும். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சிறு அறிமுகம். 2007ஆம் ஆண்டில் தமிழ் மையம் என்னும் அமைப்பும் தமிழக அரசும் இணைந்து இவ்விழாவைத் தொடங்கின. கரகம், காவடி, தப்பாட்டம், தெருக்கூத்து, வில்லுப்பாட்டு முதலிய கலைகள் ஊர்ப்புறங்களிலிருந்து புறப்பட்டு, மாநகரின் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் வந்து சேர்ந்தன. நுழைவுக் கட்டணம் இல்லை. 2011இல் ஆட்சி மாறிய பின் விழா நின்று போயிற்று. 2023 ஜனவரியில் கலை பண்பாட்டுத் துறை ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்னும் பெயரில் அதனை மீட்டெடுத்தது. அடுத்து வந்த 2024, 2025 பொங்கல்களின்போதும் நகரின் பல இடங்களில் நடந்தது. அரசு நடத்தும் விழா என்பதால் நாளும் இடமும் மாறக்கூடும். விமானச் சீட்டு வாங்குமுன் உறுதி செய்து கொள்ளுங்கள்.

மார்கழியில் அதே நகரில் சபாக்கள் நிரம்பி வழியும். 1928இல் தோன்றிய மியூசிக் அகாதெமி தொடங்கிச் சிறு சிறு அரங்குகள் வரை கருநாடக இசை ஒலிக்கும். நம் நாட்டிலிருந்து அதற்கென்றே செல்வோரும் உண்டு, நல்லது. ஆனால் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மார் கப்பலில் கொண்டுவந்த இசை அதுவன்று. அவர்கள் கொண்டுவந்தது தப்பும் உருமியும் பம்பையும் உடுக்கையும். அவற்றின் ஊற்றுக்கண்ணைக் காணவேண்டுமாயின் தை பிறக்கும் வரை காத்திருங்கள்.

சரி, போய் என்ன செய்வது?

முதலில், நிகழ்ச்சி தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்னரே போய்விடுங்கள். மேடைக்கு முன்னால் அன்று, பின்னால். தப்பாட்டக் கலைஞர்கள் அங்கே காகிதத்தையோ வைக்கோலையோ கொளுத்திப் பறையைக் காய்ச்சிக் கொண்டிருப்பார்கள். தோல் ஈரத்தை வாங்கினால் தளர்ந்துவிடும். அனல் பட்டால் ஈரம் போய் இறுகும். இறுகினால் நாதம் உயரும். சென்னையின் தை மாதத்து மாலைப்பனியில் நிகழ்ச்சியின் நடுவிலும் ஒருமுறை காய்ச்ச வேண்டி வரலாம். அறிவியல் பாடத்தில் வெப்பத்தையும் ஒலியையும் தனித்தனி அலகுகளாக நடத்துகிறோம்; இங்கே இரண்டும் ஒரே நெருப்பின் அருகில் நிற்கின்றன. பிள்ளைகளை அழைத்துச் சென்றால் இதைக் காட்டாமல் திரும்பாதீர்கள். இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டும் ஒரே தோலில் விழுந்தாலும் இரு வேறு குரல்கள் எழும்.

அடுத்து, மேடை விட்டு மேடை தாவாதீர்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திடலிலும் பத்து நிமிடம் நின்று, கைப்பேசியில் படமெடுத்து நகர்வோரை இத்தகைய விழாக்களில் எங்கும் காணலாம். அது கேட்பதாகாது. வில்லுப்பாட்டாயின் கதை முடியும் வரை உட்காருங்கள். நெல்லைப் பகுதியின் கணியான் கூத்து நிகழ்ச்சி நிரலில் இருந்தால் வேறெதையும் விட்டுவிட்டு அங்கே செல்லுங்கள். உச்ச மகுடமும் மந்த மகுடமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் முறையை வேறெங்கும் கேட்க முடியாது. நையாண்டி மேளத்தில் உருமியைத் தேடிக் கேளுங்கள். வளைந்த குச்சியால் ஒரு முகத்தைத் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல், நாதசுரத்திற்கும் தவிலுக்கும் இடையே வந்து போகும். நம் தைப்பூசத்தில் பத்து இருபது உருமிகள் ஒன்றாக முழங்கிக் கேட்டுப் பழகிய செவிக்கு இது வியப்பாக இருக்கும். (உணவுக்கூடங்களைப் பற்றிக் கேட்பீர்கள். நன்றாக இருக்கும், கூட்டமாகவும் இருக்கும். சீக்கிரம் சாப்பிட்டு விடுங்கள்.)

நிகழ்ச்சி முடிந்தபின் கலைஞரிடம் பேசுங்கள். “ஐயா, எந்த ஊர்? யாரிடம் கற்றீர்கள்?” என்ற இரண்டு கேள்விகள் போதும். கரகம் ஆடிய அக்காவிடமும் இதையே கேட்கலாம். படம் எடுப்பது அதற்குப் பிறகு.

இனி, முன்பு சொல்வதாகக் கூறிய காரணத்திற்கு வருகிறேன்.

ஜொகூரில் நானறிந்த ஒரு தமிழ்ப்பள்ளியில் புறப்பாட நடவடிக்கையாகப் பறை கற்பிக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. சில பெற்றோர், “சாவுக்கு அடிப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதா?” என்று கேட்டார்கள். பேச்சு அத்துடன் முடிந்தது. அக்கேள்விக்குள் இருப்பது சாவைப் பற்றிய அச்சம் மட்டுமன்று. கப்பலில் இசையோடு சாதியும் ஏறி வந்தது என்பதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பறை அடிப்பதை ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட கட்டாயத் தொழிலாக வைத்திருந்தோம். பின்னர் அக்கருவியையே இழிவென்றோம். தமிழகத்தில் இதற்கு மறுப்பு பல ஆண்டுகளாக எழுந்து வருகிறது. நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கி, சபாக்களின் மாதத்திலேயே பறையையும் ஒப்பாரியையும் கானாவையும் மேடையேற்றியது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அங்கே விருது கொடுக்கிறார்கள். இங்கே நாம் இன்னும் முகம் சுளிக்கிறோம்.

இதற்கு நேர்மாறான ஒன்று நம் வீட்டு வாசலிலேயே நடந்திருக்கிறது. பெக்கான் நானாஸிலிருந்து ஜொகூர் பாரு ஒரு மணி நேரப் பயணம். அங்கே 1988இல் கவிஞர் தான் சாய் புவானும் இசையாசிரியர் தான் ஹூய் சோங்கும் சிங்க நடனத்தின் முரசை எடுத்து, சீன நாள்காட்டியின் இருபத்து நான்கு பருவங்களுக்கு ஒவ்வொன்றாக, இருபத்து நான்கு முரசுகளை ஒன்று சேர்த்து, ஃபூன் யூ உயர்நிலைப்பள்ளி மாணவர் கையில் கொடுத்தார்கள். உழவரின் நாள்காட்டி மாணவரின் தாளமாயிற்று. இன்று அது சீனப்பள்ளிகள் பலவற்றில் பயிலப்படுகிறது, வெளிநாடுகளுக்கும் சென்றது, 2009இல் நம் நாட்டின் தேசிய மரபுடைமையாகவும் அறிவிக்கப்பட்டது. தெருவிலும் கோயில் முற்றத்திலும் ஒலித்த முரசைப் பள்ளித் திடலுக்குக் கொண்டுவர அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை.

நம்மிடம் உருமி வாசிக்கும் இளைஞர் எத்தனையோ பேர் உள்ளனர். யாரும் அவர்களைப் பள்ளிக்கு அழைப்பதில்லை. உருமி என்றாலே அடிதடி என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். பிறகு அதே கருவியைக் கேட்க விமானம் ஏறி மெரினாவுக்குப் போகிறோம். இது எனக்குப் புரியவில்லை.

ஆகவே ஆசிரியர்கள் சங்கமத்திற்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டைக் கொண்டு செல்லுங்கள். ஒரே ஓர் அடியை, கலைஞர் வாயால் சொல்லும் சொற்கட்டோடு எழுதிக்கொண்டு வாருங்கள். ஐம்பது காணொளிகளைவிட அது வகுப்பில் உதவும். பறையையே வாங்கிவர விரும்பினால், தோற்கருவியாதலால் இங்குள்ள உரிய அதிகாரிகளிடம் முன்பே கேட்டுக்கொள்வது நன்று. இல்லையேல் குச்சிகளை மட்டும் வாங்குங்கள். பெட்டியின் ஓரத்தில் கிடக்கும், எடையும் இல்லை. பறை வந்து சேரும் வரை பிள்ளைகள் பழைய மேசைப்பலகையில் தட்டிப் பழகட்டும்.